கருவாயனுக்கு ஒரு குழி

கிழ நாய் கருவாயனுக்கு முதுகுத்தண்டு கெட்டு, பின்னங்கால்கள் விழுந்து ஒரு வருஷமாகிறது. செந்தூல் கம்பத்துக் குடியிருப்பின் பலகை வீட்டில் அதற்குப் பக்கத்துப் பாயிலேயே அஞ்சலையின் கணவன் காத்தமுத்துவும் கிடந்தான்.

போனவர்கள் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்க வந்த ஜப்பான்காரர்கள், அவன் கால்களை இழுத்துக்கொண்டு தவழ்வதைப் பார்த்து இரண்டு தடவை விட்டுவிட்டுப் போனார்கள்.

"ரெண்டு பேருக்கும் மரவள்ளிக் கஞ்சி ஊட்டி, தொடச்சிவிட்டு... எப்படித்தான் தாங்குறியோ!" என்பாள் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி.

அன்று காலை கருவாயன் கஞ்சியைத் தொடவில்லை. மத்தியானத்துக்குள் உடம்பு விறைத்துவிட்டது.

"நான் வந்து குழி வெட்டித் தரவா?" என்றாள் பாப்பாத்தி.

"வேணாங்க்கா, நானே பாத்துக்கிறேன்."

அஞ்சலை கதவைத் தாழிட்டாள். ஜன்னலையும் அடைத்தாள்.

காத்தமுத்து பாயிலிருந்து எழுந்து நின்றான். மண்வெட்டியை எடுத்து அடுப்படி மண் தரையைக் கொத்தினான்.

"வாசல் மரத்தடியில பொதைக்கணும் புள்ள இவன."

"வெளிய நீங்க எப்படி நிப்பீங்க?"

அவனுக்குக் கண்ணீர் நிற்கவில்லை. "காலை எப்படி இழுக்கணும்னு இவனப் பாத்துத்தானே கத்துக்கிட்டேன்."

குழியை மூடி மிதித்துவிட்டு, மறுபடியும் பாயில் படுத்துக் கால்களைத் தளரவிட்டான். அஞ்சலை கதவைத் திறந்தாள்.