யாரும் சேராத தமிழ்ப் பாடம்

மேசை மேல் போன் அலறியது. பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் பாடங்களை அமைக்கும் அவள் பாய்ந்து எடுத்தாள். மேலாளர்தான்.

"குழந்தை வளர்ப்புப் பாடத்தைத் தமிழ்லயும் போட்டீங்களே, அந்தப் பக்கம் ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கலைம்மா. இன்னிக்கே எடுத்துடுங்க."

"ராப்பகலா உட்கார்ந்து பண்ணினது சார்."

"என்ன செய்ய? வந்தவங்க எல்லாரும் இங்கிலீஷ்லதான் படிச்சாங்க. அதுலயும் பாதிப் பேர் நடுவுலயே ஓடிட்டாங்க."

"புரியாட்டியும் இங்கிலீஷ்தான் கௌரவம்" என்று முணுமுணுத்தபடியே அவள் தமிழ்ப் பாடத்தை நீக்கினாள்.

வீட்டுக்குள் அவள் நுழைந்ததும் அம்மா செல்போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"என்னம்மா மறைக்கிறே?"

"சிரிக்கக் கூடாது. நானும் உங்க பல்கலைக்கழகத்துல குழந்தை வளர்ப்பு படிச்சேன். எங்க காப்பக மேடம்தான் சேர்த்துவிட்டாங்க. பாஸ் பண்ணினா ஆயா வேலையிலேர்ந்து டீச்சராக்குறேன்னாங்க. சர்டிபிகேட்டை உன் முன்னால நீட்டி அசத்தலாம்னு பார்த்தேன். எல்லாம் இங்கிலீஷா வந்துச்சு, விட்டுட்டேன். இன்னிக்கு அந்த வேலையை வேற பொண்ணுக்குக் குடுத்துட்டாங்க."

அவள் அம்மாவின் அருகில் உட்கார்ந்தாள்.

"அது தமிழ்லயும் இருந்துச்சேம்மா. உனக்குத் தமிழ் நல்லாப் படிக்க வருமே, ஏன் மாத்திக்கலை?"

"தமிழ்ல இருந்துச்சா? எங்கே?"

அவள் போனைத் திருப்பி, திரையின் மூலையில் தானே வைத்து, இன்னும் எடுக்காமல் விட்டிருந்த பட்டனைத் தொட்டுக் காட்டினாள்.

"இதோ, 'மொழியை மாற்ற இங்கே அழுத்தவும்'னு எழுதியிருக்கே."

அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"அதையும் இங்கிலீஷ்லதானேடி எழுதி வெச்சிருக்கே?"