ஏழு மணி வாசல்

“குழந்தைக் காப்பகமே ஏழு மணிக்குத்தான் சார் திறக்குது. அங்கேருந்து நடந்து வர இருபது நிமிஷம். பிள்ளையைப் பூட்டின கேட்டுக்கு மேல தூக்கிப் போட்டுட்டா வர முடியும்?”

கேட்டவள் துப்புரவு வேலை செய்யும் அக்கா. நாலு நாளாக இதையேதான் கேட்கிறாள். புதிய வருகைப்பதிவுப் புரோகிராம் நாளை முதல் ஓடப்போகிறது. ஏழு மணியை ஒரு நிமிடம் தாண்டினாலும் தாமதம். மூன்று தாமதமானால் அடையாள அட்டைக்கு வாசல் திறக்காது, வேலை போச்சு.

“எங்கம்மாவே வந்தாலும் ஏழுன்னா ஏழுதான்!”

தலைமைப் புரோகிராமர் முதலாளியின் அறைவரை கேட்கும்படி கத்தினார். அலுவலகம் அவருக்கு வைத்திருந்த பெயர் சுத்தியல்.

அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

“சார், அந்த ஒரு பிரிவுக்கு மட்டும்...” என்று இழுத்தாள், அவருக்குக் கீழே புரோகிராம் எழுதும் பெண்.

“உன் வேலையைப் பாரும்மா. ஊருக்கு உபகாரம் அப்புறம்.”

“ஜால்ரா!” என்று முணுமுணுத்தபடி அவள் இருக்கைக்குத் திரும்பினாள்.

மதியம். சாப்பிட்ட மயக்கத்தில் கட்டடமே மிதந்தது. கண்ணாடிச் சுவரில் மேகங்கள் மேசைக்கு மேசை நகர்ந்தன. திரையில் எழுத்துகள் குளத்து மீன்களாய் அசைந்தன.

எல்லா ஊழியருக்கும் பொதுவாக ஒரே டெம்ப்ளேட், ஒரே விதி அச்சு. ஒரு பிரிவுக்கு மட்டும் விதி வேறு என்றால், அதைத் தனியாக எழுதிச் சேர்க்கலாம். கனவில் நடப்பவள்போல் அவள் எழுதினாள்: துப்புரவுப் பிரிவு, இருபது நிமிடம் தள்ளி வரலாம்.

நியாயத்தைக்கூடத் திருட்டுத்தனமாகத்தான் எழுத வேண்டியிருந்தது.

புரோகிராம் சரியாக ஓடுமா என்று பார்க்கக் கம்பைல் செய்தாள். சிவப்பில் ஒரு வரி மெல்ல மேலே வந்தது.

‘பிழை: இந்தப் பிரிவுக்குத் தனி விதி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது.’

“யாருப்பா அது, எனக்கு முன்னாடி?”

பிழை காட்டிய கோப்பைத் திறந்தாள். எழுதியவர் சுத்தியல். மூன்று நாளுக்கு முந்தைய தேதி.

அவளுக்குத் தூக்கம் கலைந்தது.

அவர் கொடுத்திருந்தது முப்பது நிமிடம். பக்கத்தில் சின்னதாக ஒரு குறிப்பு:

‘நடக்க இருபது. காப்பக வாசலில் பிள்ளை அழுதால் சமாதானம் செய்ய, பத்து.’