வாய்ப்பு இருக்கு

“பாப்பாவை இன்னைக்கு வெளியில விடாதே. யார் வந்து கூப்பிட்டாலும் சரி.”

மாடிப்படிக்குக் கீழே ஒளிந்து நின்று, வாயைக் கையால் பொத்திக்கொண்டு அவர் போனில் கிசுகிசுத்தார். பார்ப்பவர்கள் ஏதோ கடத்தல்காரனுக்குப் பயப்படுகிறார் என்றுதான் நினைப்பார்கள்.

அவர் பயந்தது வானத்துக்கு. வானிலை ஆபீசில் முன்னறிவிப்பு எழுதி, அதை ரேடியோவில் வாசிப்பது அவர் வேலை. மேல்காற்றை அளக்கக் காலையில் பறக்கவிட்ட பலூன் அனுப்பிய கணக்கைப் பார்த்ததும், சிவப்பு எச்சரிக்கை எழுதி வைத்துவிட்டுப் படியிறங்கி வந்திருந்தார்.

“மத்தியானம் ஸ்கூல்ல ஓட்டப்பந்தயம் இருக்கே! ஒரு மாசமா குதிச்சிட்டிருக்கா,” என்றாள் மனைவி. “அப்படி என்னவாம்?”

“பெரிய இடி விழ வாய்ப்பு இருக்கு.”

மனைவி சிரித்துவிட்டாள். “ஆரம்பிச்சுட்டீங்களா உங்க வாய்ப்பை! போன வாரம் இப்படிச் சொல்லித்தான் ரெண்டு நாள் துணி துவைக்க விடல. ஒரு சொட்டு விழுந்துச்சா?”

சிரிக்காமல் என்ன செய்வாள்? பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்டபோதே, “வாய்ப்பு இருக்கு” என்றவர் அவர். ஆபீசிலும் அவருக்கு ‘வாய்ப்பு’ என்றுதான் பட்டப்பெயர்.

“சொன்னா கேளு. அனுப்பாதே.”

“சரி சரி, அனுப்பல. வைங்க.”

மேலே வந்தால், அவர் எழுதிய அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மேலதிகாரி நின்றிருந்தார்.

“என்னய்யா, மறுபடியும் சிவப்பு எச்சரிக்கையா? போன வாரம் ரெண்டு தடவை போட்டே. கடையெல்லாம் மூடினாங்க, வெயில் கொளுத்துச்சு. ஊரே காறித் துப்புது.”

“சார், மைதானத்துல அத்தனை பிள்ளைங்க இருக்கும். மேகம் திரள வாய்ப்பு...”

“அந்த வார்த்தையைச் சொன்னே, கெட்ட கோபம் வரும்! ரேடியோல ஒரே போடா சொல்லு. ‘லேசான மழை பெய்யும், பயப்பட ஒண்ணும் இல்லை.’ முடியாதுன்னா நாளைக்கே வேற ஊருக்குக் கிளம்பு.”

வேறு ஊர் என்றதும் அவர் அறிக்கையைத் திருப்பி வாங்கிக்கொண்டார். பன்னிரண்டு மணிக்கு மைக் முன்னால் உட்கார்ந்து, சொல்லிக் கொடுத்ததை அப்படியே வாசித்தார். குரல் நடுங்கவே இல்லை. நம் பிள்ளை வீட்டில்தானே இருக்கிறது என்ற தெம்பு. வெட்கக்கேடுதான், ஆனால் அதுதான் நிஜம்.

இரண்டரை மணிக்கு ராடார் திரையில், பள்ளிக்கூடம் இருக்கும் பக்கம், ரத்தக்கட்டி மாதிரி ஒரு சிவப்பு திரண்டது. அறிக்கையை மாற்றி எழுதப் பேனாவை எடுப்பதற்குள் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

கால் மணி நேரத்தில் தீயணைப்பு நிலையத்திலிருந்து போன் வந்தது. மழைக்கு மரத்தடியில் ஒதுங்கிய பிள்ளைகள் மேல் இடி விழுந்துவிட்டதாம். மூன்று பேர். எல்லோரும் ஓட்டப்பந்தயத்துக்கு வந்தவர்கள். யார் யார் என்று இன்னும் அடையாளம் தெரியவில்லை.

ஐயோ, யார் பெற்ற பிள்ளைகளோ என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அந்த அழுகைக்கு நடுவிலும், பாப்பா வீட்டில் இருக்கிறாள் என்று மனசு ஒரு மூலையில் ஆறுதல்பட்டது. அதற்கும் சேர்த்து அழுதார்.

கைபேசி அடித்தது. மனைவிதான்.

“ஏங்க, இங்க ஒரே இருட்டா இருக்கு. இந்த மழையில நான் எப்படிப் போய் பாப்பாவைக் கூட்டிட்டு வர்றது?”

“எங்கேருந்து?” அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “அனுப்பாதேன்னு சொன்னேனேடி!”

“ஒரே அழுகை, என்ன பண்றது? அப்புறம் பன்னிரண்டு மணிக்கு நீங்க ரேடியோல சொன்னதைக் கேட்டேன். அதுல ‘வாய்ப்பு’ இல்லையேங்க!”