பெட்டிக்குச் சொன்ன பதில்

"உங்கட அப்பா இந்தக் கிழமை நாலாம் தரமும் கட்டிலை நனைச்சுப்போட்டாராம் பிள்ளை. இனி இஞ்ச வைச்சிருக்க ஏலாதாம். நேர்ஸிங் ஹோமுக்கு மாத்தப்போகினமாம்."

தவநாயகி கதிரையின் நுனிக்கு நகர்ந்தாள்.

லண்டன் பிளேஸ்டோவில் இருந்த அந்த முதியோர் இல்லத்தின் அலுவலக அறை. மேசைக்கு அந்தப் பக்கம் மனேஜர் மொரீன். அவள் இங்கிலீஷில் சொல்வதை, அங்கே குசினியில் வேலை செய்யும் பிலோமினம்மாதான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்க அக்கா அந்த நேர்ஸிங் ஹோம்?"

"லண்டனுக்கு வெளியில. ரெயில் எடுக்கவேணும்."

இப்போதென்றால் தினமும் வேலை முடிந்ததும் நடந்தே வந்து, அப்பாவுக்கு இரண்டு வாய் சோறு தீத்திவிட்டுப் போகிறாள். ரெயில் என்றால் ஞாயிறு மட்டும்தான். மற்ற ஆறு நாளும் அவர் யாரோடு ஒரு சொல் கதைப்பார்?

"அவருக்குச் சலம் அடக்க ஏலும் அக்கா. இடுப்பெலும்பு முறிஞ்சதால தனிய எழும்பத்தான் ஏலாது. போன மாசம் வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. எல்லாம் அந்தப் பெட்டி வந்தாப் பிறகுதான்."

போன மாதம் ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு பேசும் பெட்டி பூட்டியிருந்தார்கள். அலுவலகத்தில் இருந்தபடியே சுவிட்சை அமத்தி, "ரொய்லெற் போகவேணுமா?" என்று இங்கிலீஷில் கேட்பார்கள். வேணும் என்று பெட்டியில் பதில் கேட்டால் ஆள் வரும்.

"மனுசரைப் பாக்க மனுசர் வரவேணும். இவையின்ர சோம்பலுக்கு ஒரு மிசின். சொல்லுங்கோ அக்கா, நல்லா உறைக்கச் சொல்லுங்கோ."

பிலோமினம்மா அதில் பாதியைத்தான் சொன்னாள். மொரீன் கோபப்படவில்லை. மெதுவாகச் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

"என்னவாம்?"

"உங்கட அப்பா பெரிய பக்திமானாம். எப்ப பெட்டியில கூப்பிட்டாலும் கும்பிட்டுக்கொண்டிருப்பாராம். குழப்பக்கூடாதெண்டு சுவிட்சை நிப்பாட்டிப்போடுவினமாம்."

"ஆர், எங்கட அப்பாவோ? அவர் கோயிலுக்குப் போனாலே வெளியில நிண்டு அரசியல் கதைக்கிற மனுசன்."

"'ஓம், ஓம்' எண்டு செபிக்கிறாராம்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

தவநாயகி கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். "ரொய்லெற் போகவேணுமோ எண்டு கேட்டால், அவர் ஓம் எண்டுதானே அக்கா சொல்லுவார்."

பிலோமினம்மா விளங்கப்படுத்தினாள். மொரீனின் முகம் சிவந்துபோனது. "ஓம்... யெஸ்?" என்று தனக்குள்ளேயே இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள்.

"முந்தி நேரில போய்க் கேக்கேக்க தலையையும் ஆட்டுவாராம் பிள்ளை. அதால விளங்கினதாம். பெட்டிக்குத் தலை தெரியாதுதானே."

"ஒரு மாசமா அந்த மனுசன் ஓம் ஓம் எண்டு கெஞ்சிப்போட்டு, வெக்கத்தில என்னட்டயும் சொல்லாமல் ஈரத்தில கிடந்திருக்கிறார். பெட்டி பூட்டத் தெரிஞ்சவைக்கு, எங்களிட்ட ஒரு சொல் கேக்கத் தெரியேல்லையோ? கேளுங்கோ அக்கா. கேட்டே ஆகவேணும்."

பிலோமினம்மா கேட்டாள்.

மொரீன் அப்பாவின் பைலை எடுத்து, ஒரு பக்கத்தைத் திறந்து, விரலை வைத்துக் காட்டினாள். பிலோமினம்மா குனிந்து வாசித்தாள். பிறகு பைலைத் தானே மூடிவிட்டு, மொரீனோடு இங்கிலீஷில் ஏதோ கதைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அப்பாவை மாத்தமாட்டினமாம் பிள்ளை. பிழை நடந்துபோச்சாம். இனி நேரில ஆள் போய்த்தான் கேப்பினமாம். வாங்கோ, போவம்."

"அதில என்ன எழுதிக்கிடக்கு?"

"அதை விடுங்கோ."

"எனக்குத் தெரியவேணும் அக்கா."

பிலோமினம்மா அவளுடைய முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "பெட்டி பூட்டின அடுத்த நாளே உங்கட வீட்டுக்கு ரெலிபோன் எடுத்திருக்கினம். 'ஓம் எண்டு சொல்லுறார், அது பிரார்த்தனையோ' எண்டு மகளிட்டயே கேட்டவையாம்."

"என்னட்டயோ? நான் என்ன சொன்னனாம்?"

"'யெஸ், யெஸ், தாங்க் யூ.'"