பதினெட்டு, இருபத்தொன்று, பதினாறு

சந்திரிகா தன் ப்ரோகிராமை வெள்ளிக்கிழமை மாலை ஒப்படைத்து அறுபத்து மூன்று மணித்தியாலம் கழிந்திருந்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, வகுப்பில் பதினான்கு பேர் பார்த்திருக்க, அவள் அதைக் களவெடுத்தாள் என்றார் சேதுராமன் சேர்.

பயிற்சி இதுதான். எந்த இலக்கத்தைத் தட்டினாலும் கணினி அதை ஆங்கிலச் சொற்களில் எழுதிக் காட்ட வேண்டும். 342 என்றால் த்ரீ ஹன்ட்ரட் அன்ட் ஃபோர்ட்டி டூ.

கேட்கச் சுலபம். ஆனால் பதினொன்று முதல் பத்தொன்பது வரை எந்த ஒழுங்குக்கும் அடங்காது. ஆயிரத்தைத் தாண்டினால் பாதிப் பேருடைய ப்ரோகிராம் நின்றுவிடும்.

சந்திரிகா இலக்கத்தை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்றாக வெட்டியிருந்தாள். மொத்தம் நாற்பத்தொரு வரிகள். விஞ்ஞானப் பட்டம் எடுத்த நான் எழுதியிருந்தால் நூறு வரி வந்திருக்கும்.

அதே வகுப்பில் படிக்கும் பிரணவன் அன்று காலை கொடுத்ததிலும் அதே நாற்பத்தொரு வரிகள்.

யார் யாருடையதை எடுத்தார் என்று சேர் யோசிக்கவே இல்லை. பிரணவனின் அப்பாவுக்குக் கண்டி டவுனில் நகைக்கடை. சந்திரிகா வத்தேகமைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். எங்கள் கணினி நிலையத்தில் இருந்த ஒரேயொரு இலவச இடம் அவளுடையது. அடுத்தவர் எழுதியதைக் கொடுத்தால் அந்த இடம் போய்விடும்.

"நல்லா எழுதியிருக்கு. அதுதான் எனக்குச் சந்தேகம்," என்றார் சேர்.

எனக்குக் காது சுட்டது. அப்படியென்றால், பிழையாக எழுதியிருந்தால் மட்டும் அது அவளுடையது என்று நம்பியிருப்பார்.

சந்திரிகா அழவில்லை. திரையின் அடிப்பக்கத்தைக் காட்டினாள்.

"கீழ பாருங்க சேர்."

ப்ரோகிராம் வேலை செய்கிறதா என்று பார்க்க அவள் போட்டிருந்த ஆறு இலக்கங்கள். 18, 21, 16, 19, 23, 17. பிரணவனுடையதிலும் அதே ஆறு, அதே வரிசையில்.

சேர் பிரணவன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இந்த இலக்கமெல்லாம் எங்க இருந்து எடுத்தீங்க?"

"சும்மா கைக்கு வந்தது சேர்."

"நீ?"

அவனுக்கு 'எடுத்தீங்க'. அவளுக்கு 'நீ'.

"மாசத்து மொதல் கிழமை எங்கம்மா எடுத்த கொழுந்து சேர். திங்கள்ல இருந்து சனி வரைக்கும், கிலோ கணக்கு. பதினெட்டு எடுத்தாத்தான் முழுநாள் பேர், முழுச் சம்பளம். புதன்கிழமை மழை, அதான் பதினாறு."

"அப்ப கொழுந்து நிறுக்கவும் ஒரு ப்ரோகிராம் எழுது புள்ள," என்றான் பின்வரிசையில் ஒருவன். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

சேரும் சிரித்தார்.

"இலக்கத்துக்குக் கதை யாரும் சொல்லலாம்மா. பிரணவன் வெள்ளிக்கிழமைக்கு முதலே வீட்டுல எழுதி முடிச்சதாச் சொல்றார். நீ எங்கயோ பார்த்திருக்க."

எங்கே பார்த்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சும்மா கைக்கு வந்தது என்ற மூன்று சொல்லை நம்பினார்கள். ஒரு பெண் ஆறு நாள் மலையில் ஏறி இறங்கித் தலையில் சுமந்த பாரத்தைக் கதை என்றார்கள். மேசையில் இருந்த விசைப்பலகையைத் தூக்கி எறியலாம் போல இருந்தது எனக்கு. எறியவில்லை. வருகைப் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றேன்.

இந்த ஆய்வுகூடத்தில் நான் உதவியாளர். இரண்டு வருடமாகச் சேரிடம் நான் பேசியதெல்லாம் 'சரி சேர்' மட்டுந்தான்.

"ஞானேஸ்வரி, இலவச இடத்தை ரத்துப் பண்ணுற கடிதத்தை அடிங்க. இப்பவே கையெழுத்து வைக்கிறேன்."

"சரி சேர்."

உட்கார்ந்தேன். திகதியை அடித்தேன். அவளுடைய பெயரை அடித்தேன். 'பிறர் எழுதியதைத் தனது எனக் கொடுத்தமையால்' என்பது வரை அடித்தேன். அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூட உண்மையில்லை.

ஜன்னலுக்குக் கீழே ஒரு கண்டக்டர் வத்தேகம, வத்தேகம என்று கத்திக்கொண்டிருந்தார். சந்திரிகா கொப்பியைப் பையில் வைத்தாள். ஸிப் ஏறவில்லை. இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு அப்படியே விட்டாள். என் மேசைக்கு வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"மிஸ், கடிதத்தைத் தபால்ல போட்டுராதீங்க. என் கையில குடுங்க. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. யார்கிட்டயாவது கொண்டுபோய்க் காட்டுவாங்க. லயத்து வீடு பூராவும் தெரிஞ்சிரும்."

என் விரல்கள் நின்றன.

மூன்றாம் வரிசையில் பிரணவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து சேரை நிமிர்ந்து பார்த்துப் பதில் சொன்னவன். இப்போது அவன் நெற்றி வியர்த்திருந்தது.

எழுந்தேன். கதிரை பின்னால் உரசிய சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள்.

"என்னம்மா, அடிச்சு முடிஞ்சுதா?" என்றார் சேர்.

"இல்ல சேர்."

இவ்வளவு பேர் முன்னால் என் குரலை நான் கேட்டதில்லை. அது மெலிதாக இருந்தது. ஆனாலும் பின்வரிசை வரை போனது.

"வெள்ளிக்கிழமை எல்லாரும் போன பிறகு பிரணவன் வந்தார். மாதிரிக்கு ஒண்ணு வேணும்னு கேட்டார். மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. சந்திரிகா எழுதினத அவருக்குப் பென் டிரைவ்ல போட்டுக் குடுத்தது நான்தான் சேர்."