புதன்கிழமைக்கு வந்த பாட்டு

பாட்டு ஆரம்பித்ததும் பாஸ்டர் இம்மானுவேல் கண்களை மூடிக்கொண்டார்.

பக்கத்து வரிசையில் இருந்த ஷைனி மூடவில்லை. மூடினால் மயக்கம் வந்துவிடும் போலிருந்தது.

கம்பெனி பஸ் காரனோடைப் பாலம் தாண்டி கும்மிடிப்பூண்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. பாஸ்டருடைய ஸ்கூட்டர் பாலத்துக்கு முன்னால் பங்க்சர். கவரைப்பேட்டையில் அவருக்கு ஜெபக்கூட்டம். டிரைவர் சடையப்பன்தான் பஸ்ஸை ஓரங்கட்டி அவரை ஏற்றிக்கொண்டார்.

“நல்ல நாள் பாத்துதான் ஏறிக்கினீங்க பாஸ்டரய்யா. இன்னிக்கி உங்காளுங்க பாட்டு.”

காலையில் சாமி பாட்டு ஒலிக்காமல் அந்த பஸ்ஸில் சினிமா பாட்டு கிடையாது. திங்கள் சிவன், செவ்வாய் முருகன், வியாழன் சாய்பாபா, வெள்ளி அம்மன், சனி பெருமாள். புதன் யாருக்கும் இல்லாமல் கிடந்தது. சடையப்பன் அதைக் கிறிஸ்தவர்களுக்குக் கொடுத்தார்.

கிறிஸ்தவர்கள் என்றால் அந்த பஸ்ஸில் ஷைனிதான்.

“உன் போன்ல ஒரு ஏசு பாட்டு போடும்மா” என்றார் முதல் புதன்கிழமை. அவள் தேடி எடுப்பதற்குள் போன் பஸ் ஸ்பீக்கரோடு தானாக இணைந்து, அவள் கேட்டுக்கொண்டிருந்ததைப் பாட ஆரம்பித்துவிட்டது.

அது அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு. முப்பது வருஷமாகப் பாடுகிற ஒருத்தியின் புது ஆல்பம். அட்டைப் படத்தில் அவள் வெள்ளை கவுனில், நரைத்த கூந்தலோடு, வானத்தைப் பார்த்து நின்றாள். சடையப்பன் அந்தப் படத்தைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

‘இது வேற பாட்டுண்ணா.’ இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. கெமிஸ்ட்ரி வைவாவில் பதில் தெரிந்தும் வாய் திறக்காமல் மார்க்கை விட்டவள் ஷைனி. சொல்லவில்லை.

அன்றைக்கு கம்பெனியில் ஃபில்லிங் மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. பாட்டு ராசியாகிவிட்டது. பேக்கிங் செக்‌ஷன் பெண்கள் வார்த்தை புரியாமலே கூடவே முனகக் கற்றுக்கொண்டார்கள். புதன்தோறும் அதே பாட்டு.

இன்று பாஸ்டர் இருக்கிறார். சபையில் இங்கிலீஷ் ஆராதனை நடத்துகிறவர். ஷைனியின் அம்மா ரோசம்மாள் அதே சபையின் பெண்கள் ஐக்கியத் தலைவி. சினிமா பாட்டுக்கே டிவியை அணைப்பவள். பாஸ்டர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், போன் பீரோவுக்குள் போய்விடும். ஆல்பமும் அதோடு போகும்.

பாட்டு உச்சத்துக்கு ஏறியது. பாஸ்டரின் புருவம் சுருங்கியது.

“பாஸ்டரய்யா, மெய்யாலுமே இதுக்கு இன்னா அர்த்தம்?” சடையப்பன் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். “வாராவாரம் கும்புடறோம். தெர்ஞ்சிக்கினா நல்லாருக்கும்.”

பாஸ்டர் கண்ணைத் திறந்தார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். ஜன்னல் வழியாக ஒரு கன்டெய்னர் லாரியை நெடுநேரம் பார்த்தார்.

“அந்தம்மா மூக்கால பாடுறாங்க, டிரைவரே. நமக்குப் பிடிபடாது,” என்றார். “நீ சொல்லு பாப்பா. படிச்ச பொண்ணு.”

பஸ் முழுக்கத் திரும்பியது.

ஷைனி போனை மடியில் கவிழ்த்தாள். பொய் சொல்லலாம். பாஸ்டருக்கு முன்னால், சாமி பாட்டு என்று. அதற்கும் தைரியம் வேண்டும்.

“ஒரு பொண்ணு,” என்றாள். “அவ புருஷன் குடிச்சிட்டு அடிப்பான்.”

“ஐயோ பாவம்,” என்றது பேக்கிங் செக்‌ஷன்.

“ஒரு நாளு, அவன் தூங்கிக்கினு இருக்கசொல்ல, அவ வண்டிய எடுத்துக்கினு ஊட்ட உட்டுப் போய்ட்றா.”

“யாரு வண்டிய?” பின் சீட்டிலிருந்து ஜெகன்.

“அவன் வண்டியதான்.”

“ட்யூ யார் கட்றது?”

யாரும் சிரிக்கவில்லை. ஷைனி முடித்துவிட நினைத்தாள்.

“அவ்ளோதான். போய்க்கினே இருக்கா. திரும்பிப் பாக்கல.”

“சாமி எப்ப வருது?” என்றார் சடையப்பன்.

ஷைனி தலையைக் குனிந்துகொண்டாள்.

“வரல.”

சடையப்பனின் கை மெதுவாக ஸ்பீக்கர் பொத்தானை நோக்கிப் போனது.

“ஆமென்.”

முன் சீட்டிலிருந்து வந்தது. கணக்குப் பிரிவு ஹம்ஸா. திருவள்ளூரில் பெருமாள் கைங்கரியம் பண்ணும் குடும்பம். சனிக்கிழமைப் பாட்டு அவள் கொடுத்ததுதான்.

பொத்தானுக்குப் போன கை நடுவில் நின்றது.

பாஸ்டர் ஹம்ஸாவைப் பார்த்தார். பஸ் பாஸ்டரைப் பார்த்தது. ஒரு ஆமெனைத் தனியாக விட்டுப் பழக்கமில்லாத மனிதர் அவர்.

“ஆமென்,” என்றார்.

பேக்கிங் செக்‌ஷன் சத்தமாகச் சொன்னது. ஜெகனும் சொன்னான். சடையப்பன் கையை எடுத்து கியருக்குக் கொண்டுபோனார்.

தானே ஆமென் சொன்ன பாட்டைப் பற்றி இனி பாஸ்டர் ரோசம்மாளிடம் போய் என்ன சொல்வார்? ஷைனிக்கு மூச்சு வந்தது.

கவரைப்பேட்டையில் பாஸ்டர் இறங்கினார். காலியான இடத்தில் ஹம்ஸா வந்து உட்கார்ந்தாள். இதுவரை அவர்கள் பேசியதில்லை. கணவருக்குத் துபாயில் வேலை என்றும், அதனால்தான் சோழவரத்தில் தனியாகக் குடியிருப்பதாகவும் ஹம்ஸா எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

“அப்புறம் அவன் தேடிண்டு வந்தானா?” என்றாள், ஷைனியின் காதோரம் சாய்ந்து.

“அடுத்த பாட்டுல வர்றான்க்கா. அவ கதவத் தொறக்கல.”

“சமத்து,” என்றாள் ஹம்ஸா.