தாளின் வெள்ளை

நீர்வண்ணத்தில் வெள்ளை பூசுவதில்லை. வெளிச்சம் வேண்டிய இடத்தில் தாளை அப்படியே விட்டுவிட வேண்டும். வண்ணம் ஏறிய இடம் மறுபடி வெளுக்காது. ஓவிய ஆசிரியை சில்வியா இதைத்தான் காரைக்காலில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறாள்.

பிரான்சிலிருந்து நாத்தனார் அனுப்பிய காலண்டரைப் பார்த்து, இலையுதிர்ந்த காட்டையும் அதில் ஒற்றை வீட்டையும் வரைந்தாள். கதவுக்குப் பழுப்பு பூசினாள். காய்ந்ததும் கதவு வெறும் தாளாக வெளுத்து, திறந்து கிடப்பதுபோல் இருந்தது. அடர்த்தியாகப் பூசினாள். மறுபடி வெளுத்தது. பயந்துபோய், தூரிகையைக் கழுவக் கொல்லைக் குழாய்க்குப் போனாள்.

அவள் அறைக்குத் திரும்பியபோது கூடத்திலிருந்து கணவன் ரொனால்டின் குரல் கேட்டது.

"சில்வியா, யாரு இவங்க? ஒன் ரூம்லேர்ந்து வந்து, பாப்பா தூங்குற எடத்துக்குப் போறாங்க. கால்ல காஞ்ச இலையா ஒட்டியிருக்கு."

அவள் படத்தைப் பார்த்தாள். கதவு பழுப்பாக, மூடியிருந்தது.